மனம் சோர்ந்தால் எந்த மொழியில் சொல்வது?

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. ஐந்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. இப்போது அந்தக் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்கள் சிரித்துக்கொண்டேதான் நினைவுகூர்கிறார்கள். கை வலிக்க அடித்து நுரைகட்டிய டல்கோனா காப்பி, மேலே சட்டையும் கீழே கைலியுமாக உட்கார்ந்து கேட்ட விரிவுரை, ஒலிவாங்கியை அடைக்க மறந்ததால் வகுப்பு முழுவதற்கும் கேட்டுவிட்ட பாட்டியின் திட்டு என்று கதைகளுக்குப் பஞ்சமில்லை. இவை பொய்யல்ல. ஆனால் இந்தக் கதைகளைச் சொல்பவர்கள் அந்த இரண்டு ஆண்டுகளை நல்லபடியாகத் தாண்டி வந்தவர்கள். தாண்டத் திணறியவர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோய் தந்த அச்சத்தைவிட, மனத்தில் இருப்பதை யாரிடமும் சொல்ல முடியாமல் போனதுதான் நம் மாணவர்களை அதிகம் வாட்டியது. அப்படிச் சொல்ல முடியாமல் போனதில் மொழிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தமிழின் பெயரால் கூடியிருக்கும் நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. ஆண்டு மலரில் இதையெல்லாம் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். வேறு எங்கே எழுதுவது?

அப்போது நான் ஐந்தாம் படிவ மாணவி. 2020இல் எழுத வேண்டிய எஸ்.பி.எம். தேர்வு 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிற்று. ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் இரண்டே அறைகள். அப்பா பத்து பிரிங்கியில் ஒரு தங்கும் விடுதியில் பாதுகாவலராக இருந்தார். சுற்றுப்பயணிகள் நின்றதும் வேலையும் நின்றது. அம்மா பாயான் லெப்பாஸ் மின்னியல் தொழிற்சாலைக்குப் போய்வந்தார். பாட்டியும் உடன் இருந்தார். என் அண்ணன் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி எழுதப் போவதால் அவரிடம் அனுமதி கேட்டேன். “பேரு மட்டும் போடாத” என்றார்.

ஆணை அறிவிக்கப்பட்டபோது அண்ணன் மாணவர் விடுதியில் இருந்தார். மாநிலம் தாண்ட முடியாது. வளாகங்களில் சிக்கிக்கொண்ட மாணவர்கள் கட்டங்கட்டமாக வீடு திரும்பலாம் என்ற அனுமதி ஏப்ரல் 27ஆம் நாள் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஐந்தரை வாரங்கள் நான்கு சுவர்தான். பொட்டலச் சோறு வரும். எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட வேண்டும். அறை நண்பர் ஆணைக்கு முதல் நாளே கிளம்பிவிட்டதால் அண்ணன் தனியாகவே இருந்தார். வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று அம்மா கோழிக்கறி சமைத்திருந்தார். இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் அனைவரும் நினைத்தோம்.

சரியாகவில்லை. வீட்டில் ஆள் இருந்தும் தனிமை போகவில்லை என்பதுதான் விந்தை. மே மாதம் 27ஆம் நாள், உயர்கல்விக்கூடங்களின் கற்றல் கற்பித்தல் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை இயங்கலையிலேயே நடக்கும் என்று அறிவிக்கப்பட்டது. கூடத்தில் அப்பா தொலைக்காட்சியில் அன்றாடத் தொற்று எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஓர் அறையில் பாட்டி படுத்திருப்பார். மற்றதில் நான் கணக்குப் பயிற்சி செய்துகொண்டிருப்பேன். அண்ணன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி வளைவில் போய் உட்காருவார். இணையத் தொடர்பு அங்கேதான் கிடைத்தது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நாளுக்கு ஒரு கிகாபைட் தரவை இலவசமாகத் தந்தன. காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை என்று நிபந்தனை. இடுபணியை ஒப்படைக்கும் நேரமோ பெரும்பாலும் நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்னதாக இருக்கும்! மாணவர்களுக்கு மே மாதம் 200 வெள்ளி உதவித்தொகையும் கிடைத்தது. நன்றியோடு ஏற்றுக்கொண்டோம். அது தரவுக்கும் மின்கட்டணத்துக்கும் போயிற்று.

பெண்பிள்ளைகள் நிலையையும் இங்கே சொல்ல வேண்டும். மகள் வீட்டில் இருக்கிறாள் என்றால் வகுப்பில் இருக்கிறாள் என்று பல வீடுகளில் யாரும் நினைக்கவில்லை. விரிவுரையை ஒரு காதில் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்த அக்காமார்கள் இந்தக் கழகத்திலேயே இருந்திருக்கிறார்கள். “கண்ணீர் எதுக்குன்னு யாரும் கேக்கல, வெங்காயம்னு நினைச்சிட்டாங்க” என்று ஒரு மூத்த மாணவி என்னிடம் சொன்னபோது இருவரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

2020 ஜூன் மாதம் சபா மாநிலத்தின் பீத்தாஸ் வட்டாரத்தைச் சேர்ந்த வேவோனா மொசிபின் என்ற மாணவி தேர்வு எழுத இணையம் கிடைக்காமல் மரத்தில் ஏறி உட்கார்ந்த காணொளி நாடெங்கும் பரவியது. அவருடைய விடாமுயற்சிக்கு நாம் எல்லாரும் கைதட்டினோம். தட்ட வேண்டியதுதான். ஆனால் இணையம் இல்லாமை என்பது கண்ணுக்குத் தெரிகிற குறை. மரம் ஏறினால் படம் பிடிக்கலாம். செய்தி வந்தால் அதிகாரிகள் தேடி வருவார்கள். படியில் உட்கார்ந்து வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனைப் படம் பிடித்தால் அதில் என்ன தெரியும்? படிக்கிற பிள்ளை என்றுதான் தெரியும்.

ஜூலை வாக்கில் அண்ணன் பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கத் தொடங்கினார். சாப்பாடு குறைந்தது. எல்லார் படக்கருவியும் அடைபட்டிருந்த வகுப்பில் அவர் பெயர் மட்டும் ஒரு கறுப்புக் கட்டத்தில் நின்றுகொண்டிருக்கும். ஆள் பக்கத்தில் படுத்திருப்பார். அம்மா கேட்பார்: “என்னாடா செய்யுது ஒனக்கு?” அண்ணன் சொல்வார்: “ஒன்னும் இல்லமா, தலவலி.” அம்மா கோடாலித் தைலத்தை எடுத்து நெற்றியில் தேய்த்துவிடுவார். இது ஏறக்குறைய ஒரு மாதம் நடந்தது. வீடெல்லாம் தைல மணம்.

அண்ணன் பொய் சொல்லவில்லை என்று நான் வாதிடுவேன். அவருக்கு அம்மாவிடம் சொல்லக்கூடிய சொல் அது ஒன்றுதான். ‘மனச்சோர்வு’, ‘மன உளைச்சல்’ என்பவை நாம் ஆறாம் ஆண்டில் கட்டுரைக்காகக் கற்ற சொற்கள். அவற்றை வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘ஸ்ட்ரெஸ்’ என்றால் அம்மாவுக்கு அது வேலையிடத்து அலுப்பு. ‘பைத்தியம்’ என்ற சொல்லோ வீட்டுக்கு வீடு தாராளமாகப் புழங்குகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பரந்த இடத்தில் நமக்கு என்ன சொல் இருக்கிறது? பெருந்தொற்று வந்தபோது அதைக் ‘கொரோனா’ என்று எழுதுவதா, ‘கோறனி நச்சில்’ என்று எழுதுவதா என்று நம்மவர்கள் எவ்வளவு சூடாக விவாதித்தோம்! கிருமிக்குத் தமிழ்ப் பெயர் சூட்டுவதில் இருந்த அக்கறையில் கால்பங்கு, மகன் தாயிடம் சொல்லக்கூடிய ஒரு சொல்லைத் தேடுவதில் இருந்திருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும்.

என்னைப் போல் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, பின் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பன்னிரண்டு வயதுவரை தமிழில் அழுதோம், தமிழில் சண்டை போட்டோம். பதின்மூன்று வயதில் வகுப்பு முழுவதும் மலாய்மொழி. அறிவியலும் வரலாறும் அதில் தடையின்றி வந்துவிட்டன. தேர்வில் ‘ஏ’ கூட வாங்கினோம். ஆனால் மனம் உடைந்த கதையை அந்த மொழியில் சொல்லிப் பழகவில்லை. தமிழோ பன்னிரண்டு வயதோடு நின்றுவிட்டது. பெரியவர்களின் துயரத்தைச் சொல்ல அது வளரவில்லை. மூன்று மொழி தெரிந்த பிள்ளைகள் என்று நம்மைப் பெருமையாகச் சொல்வார்கள். மூன்றிலும் வாய் அடைத்துப்போகிற நேரம் ஒன்று இருக்கிறது.

அண்ணன் ஒரு கட்டத்தில் துணிந்து ஆலோசனைப் பிரிவுக்குத் தொலைபேசியில் அழைத்தார். பேசியவர் கனிவானவர், முக்கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். அண்ணனுக்கு மலாய் நன்றாக வரும். ஆனால் அவர் பிறகு என்னிடம் சொன்னது: “வேற யாரோ ஒருத்தனப் பத்தி அறிக்கை வாசிக்கிற மாதிரியே இருந்துச்சு.” அந்த ஆலோசகர்மீது குறையே இல்லை. வீட்டில் நடந்ததை, அப்பா வேலையிழந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது நெஞ்சுக்குள் ஏற்படுவதை, அது நடந்த மொழியில்தான் அவரால் சொல்ல முடிந்திருக்கும்.

அப்படி அழைப்பதற்கே அவருக்குப் பல வாரங்கள் பிடித்தன. காரணம் எளிது. இடைநிலைப்பள்ளியில் ஆலோசனை அறைக்குக் கூப்பிடப்படுகிறவன் யார்? மட்டம் போட்டவன், சண்டை போட்டவன், குண்டர் கும்பல் என்று சந்தேகிக்கப்பட்டவன். நம் பையன்கள் அந்த அறைக்கு வெளியே பலகையில் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கதவைத் தட்டுவது தண்டனை என்று பதிந்துவிட்ட மனம், பல்கலைக்கழகத்திற்கு வந்ததும் தானாக மாறிவிடுமா?

இதைவிடக் கொடுமையான கதவு ஒன்றும் இருந்தது. அக்காலத்தில் நம் நாட்டில் தற்கொலைக்கு முயல்வது குற்றம். தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு, முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் தந்தது. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற சட்டம். உயிரை வெறுத்து நிற்கும் ஒருவன் இதைக் கேள்விப்பட்டால் உதவி கேட்டுக் கை நீட்டுவானா, ஒளிந்துகொள்வானா? அரச மலேசியக் காவல்துறையின் கணக்குப்படி 2020இல் 631 பேர் தற்கொலை செய்துகொண்டனர். 2021இல் அந்த எண்ணிக்கை 1,142 ஆயிற்று. ஒவ்வோர் உயிருக்குப் பின்னாலும் பல காரணங்கள் பின்னிக் கிடந்திருக்கும். ஆணை ஒன்றையே குற்றம் சொல்ல நான் முனையவில்லை. ஆயினும் ஒரே ஆண்டில் இப்படிக் கூடியதைக் கண்டும் காணாமல் இருப்பது எப்படி? நல்லவேளையாக 2023ஆம் ஆண்டு நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. சட்டம் மாறிய செய்தி நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்துவிட்டதா என்று கேட்டால், என் பக்கத்து வீட்டு ஆன்ட்டி இன்னும் “போலீஸ் கேஸ் ஆயிடும்” என்றுதான் சொல்கிறார்.

2021 ஜூன் முதல் நாள் முழு முடக்கம் வந்தது. அந்த மாத இறுதியில் வெள்ளைக்கொடி இயக்கம் தொடங்கியது. அரிசி தீர்ந்தவர்கள் வெட்கப்படாமல் சன்னலில் வெள்ளைத் துணியைக் கட்டினால் அக்கம்பக்கத்தார் உதவுவார்கள். கேட்பவனும் கொடுப்பவனும் ஒருவரையொருவர் தலைநிமிர்ந்து பார்க்கும்படி அமைந்த அருமையான ஏற்பாடு அது. பசிக்கு ஒரு துணி போதும். மனத்துக்கு எதைக் கட்டுவது என்று அன்று எங்கள் மாடியிலிருந்து கீழே பார்த்து யோசித்திருக்கிறேன்.

பெரியவர்கள் சொல்லும் மறுப்பு எனக்குத் தெரியும். “தோட்டத்துல நாங்க படாத கஷ்டமா? அப்போ யாருக்கு இந்த வியாதி வந்துச்சு?” எங்கள் பாட்டி இதை வாரத்துக்கு இருமுறை சொல்வார். பாட்டியின் கஷ்டம் பெரிதுதான். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பால்மரம் சீவியவர். ஆனால் லயத்து வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கசாயம் கொண்டுவருவார்கள் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். மாலையில் பீலிக்கரையில் பத்துப் பெண்கள் கூடினால் பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும். ஆண்களுக்குக் கள்ளுக்கடை இருந்தது. அது எத்தனை குடும்பங்களைக் கெடுத்தது என்பது வேறு கதை. அதாவது அப்போதும் இந்த வியாதி வந்தது, பெயர்தான் வேறு. எங்கள் மாடியில் இரும்புக் கதவைப் பூட்டிவிட்டால் எதிர்வீட்டார் யாரென்று தெரியாது. கோயில், கல்யாண வீடு, துக்க வீடு, மாமாக் கடை என்று நம்மவர்கள் மனத்தைக் கொட்டும் இடங்கள் அனைத்தும் ஒரே நாளில் மூடப்பட்டன. 2021 ஜனவரி 28ஆம் நாள் தைப்பூசம் காவடி இல்லாமலேயே கழிந்தது. தண்ணீர்மலைக்குப் போய் அழுதுவிட்டு வருவதும் ஒரு மருந்துதான் என்பதைப் பினாங்குக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இங்கிலாந்தில் 2020 நவம்பரில் மான்செஸ்டர் பல்கலைக்கழக விடுதியைச் சுற்றி வேலி போட்டபோது மாணவர்கள் இரவோடிரவாக அதைப் பிடுங்கிப் போட்டார்கள். அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் மூச்சு முட்டுகிறது என்பதை உலகுக்கே கேட்கும்படி சொன்னார்கள். நாம் ‘நல்லா இருக்கேன்’ என்று புலனக் குழுவில் கும்பிடும் படத்தைப் போட்டோம்.

சரி, அந்த இரண்டு ஆண்டுகளில் பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகள் என்ன செய்தன? பழைய அறிக்கைகளைப் புரட்டினேன். இயங்கலைப் பட்டிமன்றம், இயங்கலைக் கவிதைப் போட்டி, இயங்கலைப் புதிர்ப்போட்டி, பங்கேற்ற அனைவருக்கும் மின்சான்றிதழ். பெருந்தொற்றிலும் தமிழ்ப்பணி தொய்வின்றி நடந்தது என்று பெருமையாக எழுதியிருக்கிறார்கள். உழைத்தவர்களைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. தொலைபேசியிலேயே முழு நிகழ்ச்சியை நடத்துவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். ஆனால் நூற்றைம்பது பேருக்குச் சான்றிதழ் அனுப்பிய பட்டியலில், பத்துப் பேரையாவது அழைத்து “சாப்பிட்டியா, தூங்குறியா?” என்று கேட்டதாக ஒரு வரி இல்லை. கேட்டிருக்கலாம், அதை எழுத வேண்டிய பணியாக எவரும் கருதவில்லை. அதுதான் என் வருத்தம்.

அண்ணனை மீட்டது என்ன என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. சுங்கை பட்டாணியில் இருந்த அவருடைய பழைய அறை நண்பர் ஒவ்வோர் இரவும் பத்து மணிக்கு அழைப்பார். காற்பந்து பேசுவார்கள், அரை மணி நேரம். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ ஒருநாள் பேச்சு நின்று அண்ணன் அழுதார். அந்த நண்பர் அறிவுரை சொல்லவில்லை. இணைப்பைத் துண்டிக்கவும் இல்லை. மறுநாளும் பத்து மணிக்கு அழைத்தார். அவர்தான் அரசாங்கக் கிளினிக்குக்குப் போகச் சொன்னார். குடிமக்களுக்கு ஒரு வெள்ளி கட்டணம். அங்கிருந்து மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார்கள். அண்ணன் ஒரு பருவம் படிப்பை ஒத்திவைத்தார். இன்று பட்டதாரி, வேலை பார்க்கிறார். தைலம் வாடையே ஆகாது என்கிறார்.

இதெல்லாம் முடிந்த கதைதானே என்று எண்ணிவிடக் கூடாது. 2022ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு 13 முதல் 17 வயதுவரையிலான இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் நடத்திய தேசிய ஆய்வில், நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. அன்று ஐந்தாம் படிவத்தில் இருந்தவர்கள் இன்று நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின் அடுத்தடுத்த படிவத்தினர் வந்துகொண்டே இருப்பார்கள். வகுப்பறையில் பழக வேண்டிய வயதில் திரைமுன் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவர்கள். வரவேற்பு நிகழ்ச்சியில் பாட்டுப் போட்டி நடத்தும்போது கடைசி நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கூச்ச சுபாவம் என்று நாம் விட்டுவிடுகிறோம்.

“நாம் என்ன மருத்துவரா?” என்று கேட்ட செயலவை நண்பருக்குப் பதில் சொல்கிறேன். கேட்பதற்கு மருத்துவர் தேவையில்லை. 1953இல் இலண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தொடங்கிய ‘சமாரித்தன்ஸ்’ அமைப்பில் தொலைபேசி அருகே அமர்ந்தவர்கள் சாதாரண மக்கள்தாம். அதே வழியில் 1970இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்டது ‘பிஃப்ரெண்டர்ஸ்’. பினாங்கிலும் அது இயங்குகிறது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் கேட்கிறார்கள். நம் கையை மீறியதை உரியவரிடம் சேர்க்கிறார்கள். இடைநிலைப்பள்ளிகளில் சகமாணவர் வழிகாட்டிக் குழு இருப்பதும் நமக்குத் தெரிந்ததே. பதினாறு வயதில் செய்ய முடிந்ததை இருபத்திரண்டு வயதில் செய்ய முடியாதா?

ஆகவே செயலவையிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். வரும் பருவத்திலிருந்து புதன்கிழமை மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை கழக அறை திறந்திருக்கட்டும். நிகழ்ச்சி வேண்டாம், சுவரொட்டி வேண்டாம், மின்சான்றிதழ் கட்டாயம் வேண்டாம். மூத்த மாணவர் இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், தேநீரோடு உட்கார்ந்திருந்தால் போதும். அதற்கு முன் ஆலோசனைப் பிரிவிடம் அரைநாள் பயிற்சி கேட்போம். அங்கே தமிழ் பேசும் ஆலோசகர் மாதம் ஒருமுறையாவது வர வழியுண்டா என்றும் கேட்போம். கதவில் இரண்டு எண்களை ஒட்டிவைப்போம்: சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ சேவை 15555, கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. அறைக்குள் வரத் தயங்குபவர் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போகட்டும்.

அறைச் சாவி செயலாளரிடம் இருக்கிறது. இதுவரை மூவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், மூவரும் பெண்கள். பையன்களில் குறைந்தது இருவர் வேண்டும்.